காலி டேங்கரின் முன்னால் ஒரு சூடம்

என் வீட்டுக்காரர் சாயங்காலம் பெட்ரோல் வாடையோடு உள்ளே நுழைந்தால் பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அந்த வாடை பிடிக்கும். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. அந்த வாடை வந்தால் மனிதர் வீடு வந்துவிட்டார் என்று அர்த்தம். அந்த வாடை வர ஆரம்பிப்பதற்கு முன் சில வருடங்கள் அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதே தெரியாமல்தான் எனக்குக் கழிந்தது.

கல்யாணமான புதிதில் அவர் பம்பாய் லைனில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கோயமுத்தூரில் நூல் மூட்டையோ பம்ப்செட்டோ ஏற்றிக்கொண்டு கிளம்பினால், அங்கே இறக்கிவிட்டு, அங்கிருந்து எந்த ஊருக்கு லோடு கிடைக்கிறதோ அந்த ஊருக்குப் போய், சுற்றிச் சுற்றித் திரும்புவதற்குள் மாதம் ஓடிவிடும். வந்ததும் தூங்குவார். தூங்கி எழுந்தால் மறுபடி லோடு தயாராக இருக்கும். மகள் பிறந்தபோது நாக்பூர் பக்கம் எங்கேயோ லோடுக்குக் காத்துக் கிடந்தார். குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு ஒரு தடவை வந்து தூக்கப் போனார், அது யாரோ அந்நியர் என்று வீறிட்டு அழுதது. அவரும் அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் ஷிப்டு பார்த்துக்கொண்டு, பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, தாலி கட்டியவர் இருந்தும் ஒண்டியாக இருந்தேன்.

"ஏனுங்க, இந்த லைன் வண்டி நமக்கு வேண்டாமுங்க. கூலி கொறைஞ்சாலும் பரவால்ல, சாயங்காலம் ஊட்டுக்கு வர்ற வேலையாப் பாருங்க" என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். நான் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது நடக்கிற வரை சொல்லிக்கொண்டே இருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

அப்படிக் கிடைத்ததுதான் டேங்கர் வேலை. சிங்காநல்லூரில் ஷெட் வைத்திருந்த ஒரு முதலாளிக்கு லைன் லாரிகளும் உண்டு, சில டேங்கர்களும் உண்டு. ஊருக்குக் கிழக்கே இருந்த எண்ணெய் டிப்போவில் பெட்ரோலோ டீசலோ நிரப்பிக்கொண்டு பொள்ளாச்சி, உடுமலை, மேட்டுப்பாளையம் என்று அக்கம்பக்கத்து பங்க்குகளில் இறக்கவேண்டும். காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துவிடுவார். மகள் அவர் செருப்புச் சத்தத்தைக் கேட்டே ஓடப் பழகிவிட்டாள். எனக்கு அந்த வருடங்களில்தான் கல்யாணம் ஆனது என்று சொல்லவேண்டும்.

காலையில் ஷெட்டிலிருந்து வண்டியை எடுக்கும் முன் எல்லா டிரைவர்களையும் போல அவரும் முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பம்பருக்கு முன்னால் தரையில் ஒரு சூடத்தை ஏற்றிக் கும்பிடுவார். டிப்போ வாசலில் தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள் என்பதால் சாமி காரியத்தை ஷெட்டிலேயே முடித்துக்கொள்வது வழக்கம். அவர்கள் ஒன்றும் கவனக்குறைவான ஆட்கள் இல்லை. சரக்கு நிறைந்த வண்டிக்குப் பக்கத்தில் யாராவது பீடி எடுத்தால் செவிட்டில் ஒன்று விழும். ஷெட்டில் நிற்பது காலி வண்டிதானே, அதில் பற்றிக்கொள்ள என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். நானும் ஒன்றிரண்டு தடவை சோற்றுப் போசி கொடுக்கப் போனபோது அந்தச் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சட்டம் மாறியது. பெட்ரோல், கேஸ், ஆசிட் மாதிரி ஆபத்தான சரக்கை ஓட்டுகிறவர்களுக்குச் சாதாரண ஹெவி லைசென்ஸ் போதாது. மூன்று நாள் பயிற்சி வகுப்பில் தேறி, லைசென்ஸில் தனியாக முத்திரை வாங்கவேண்டும். தாய்மொழியோடு இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும். அந்த முத்திரையும் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு வருடாவருடம் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து புதுப்பிக்கவேண்டும். ஆபத்தான சரக்குக்கு இங்கிலீஷில் 'ஹசார்டஸ்' என்று பெயர், டிரைவர்கள் வாயில் அது 'அசார்டு' ஆகிவிட்டது. "அசார்டு போட்டாச்சா?" என்பதுதான் கொஞ்ச காலம் எல்லோருக்கும் பேச்சு.

ஆனால் சட்டம் இதுதான் என்று தெளிவாகத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ரொம்ப நாள் ஆனது. உக்கடத்தில் டீ குடிக்கப் போனால் எட்டாவது பாஸ் வேண்டும் என்பார்கள். ஷெட்டுக்கு வந்தால் அது பத்தாவது ஆகியிருக்கும். பழைய டிரைவர்களுக்கு விதிவிலக்கு வந்துவிட்டது என்று ஒருத்தர் சந்தோஷமாகச் சொல்லி, எல்லோருக்கும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாராம். அடுத்த வாரம் விதிவிலக்கும் இல்லை, அவரையும் காணோம். இப்படியே கெடு தள்ளிப்போகும், தள்ளிப்போகும் என்று எல்லோரும் இருந்தபோது முதலாளியே ஒரு நாள் ஷெட்டில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. அசார்டு இல்லீனா இனி டிப்போவுல உள்ளயே உட மாட்டாங்களாமுங்க. முடிச்சவங்களுக்குத்தான் டேங்கர் சாவி. முடியாதவங்க நம்ம லைன் வண்டிக்குப் போயிருங்க, அதுலயும் வேலைக்கு ஒண்ணும் கொறைச்சலில்லீங்களே."

எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'அறுக்கட்டுங்களா' என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் அறுப்பார்கள். என் வீட்டுக்காரர் வந்து இதைச் சொன்னபோது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. லைன் வண்டி என்றால் மறுபடி பம்பாய். மறுபடி நானும் பிள்ளையும் ஒண்டி.

அவர் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். இங்கிலீஷ் சுத்தம். நான் பத்தாவது வரை படித்தவள் என்பதால் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அவருக்கோ மாட்டு மந்தை குறுக்கே வந்தால்கூட ஆரன் அடிக்காமல் காத்திருக்கிற குணம். "எத்தனை தடவைங்க சொல்றது, வயித்த முன்னால தள்ளீட்டு நின்னா பி, முதுகுப் பக்கம் தள்ளுனா டி, சின்ன எழுத்துல" என்று நான் கத்த, "ரெண்டுக்கும் வயிறு இருக்குதே அம்மணி, எதுக்கு முதுகுல தள்ளோணும்" என்று அவர் நிதானமாகக் கேட்க, மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். கசிந்தால் என்ன செய்யவேண்டும், தீப்பிடித்தால் என்ன செய்யவேண்டும் என்று இங்கிலீஷில் அச்சடித்த ஓர் அட்டை டேங்கர் கேபினில் வருடக்கணக்காக இருந்தது. வெயில் காலத்தில் அவருக்கு அது விசிறி. அதையே எடுத்துவரச் சொல்லி பாடப்புத்தகம் ஆக்கினேன். மெல்ல மெல்ல, நாக்கைக் கடித்துக்கொண்டு, அதில் இருந்த சொற்களைப் பார்க்காமல் எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டார். தன் வண்டியின் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று முதன்முதலாகத் தானே படித்த அன்று எனக்கு அரை முழம் மல்லிகைப்பூ வாங்கிவந்தார்.

எங்கள் கவலை முழுவதும் இங்கிலீஷின் மேல்தான் இருந்தது. வேறு ஒன்றில் விழக்கூடும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

துடியலூரைத் தாண்டி ஒரு மைதானத்தில், தகரக் கொட்டகையில், வகுப்பு நடந்தது. பாடம் எடுத்தவர் தீயணைப்பு வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். எழுத்துப் பரீட்சையில் என் வீட்டுக்காரருக்கு நல்ல பெயராம். கடைசி நாள் மதியம், வண்டியை எடுப்பதற்கு முன் என்னென்ன சோதிக்கவேண்டும் என்று ஒவ்வொருவராகச் செய்துகாட்டவேண்டும். அதற்காக ஒரு காலி பெட்ரோல் டேங்கரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். முதலில் கூப்பிட்டது இவரை.

அதன்பிறகு நடந்ததை அவர் ஒரு மாதிரி சொன்னார், கூடப் போனவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நான் புரிந்துகொண்டது இதுதான். வண்டியைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். வால்வு, மூடி, தீயணைப்பான், எர்த் சங்கிலி என்று பாடத்தில் சொன்னது ஒன்றுகூட விடவில்லை. பிறகு கேபினில் ஏறப் போனவர் நின்றார். அது அவர் கை படாத புது வண்டி. புது வண்டியைச் சும்மா எடுக்கிற டிரைவர் எங்கள் பக்கம் கிடையாது. சட்டைப் பையிலிருந்து சூடத்தை எடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பம்பருக்கு முன்னால் வைத்து ஏற்றிவிட்டார்.

கூட நின்ற டிரைவர்கள் ஒருத்தர்கூட 'ஏய்' என்று சொல்லவில்லை. எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். எல்லோரும் கும்பிட்டார்கள். பாடம் எடுத்தவரும் கண்ணை மூடிக் கையைக் கூப்பினாராம். அடுத்த நொடி அவருக்கு உறைத்திருக்கிறது. கத்திக்கொண்டு ஓடிப்போய் மணல் வாளியைத் தூக்கி அந்தச் சின்ன நெருப்பின் மேல் கவிழ்த்தார். பிறகு இவரைப் பார்த்து வெளியே போகச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "பழக்கத்துல செஞ்சுபோட்டேன் அம்மணி" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் கோபமெல்லாம் அந்த வாத்தியார் மேல் திரும்பியது. கும்பிட்டது வகுப்பு முழுவதும், தவறியது என் வீட்டுக்காரர் மட்டும் என்றால் இது எந்த ஊர் நியாயம்?

அடுத்த வாரமே அவர் பம்பாய் லைனுக்குப் போய்விட்டார். மகள் கொஞ்ச நாள் சாயங்காலமானால் வாசலில் போய் நின்றாள். பிறகு நிற்பதை விட்டுவிட்டாள். நின்றதைவிட, நிற்காமல் விட்டதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்கு அவர் போன் பண்ணினால் கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். ஓடிப்போய் எடுத்தால் இரண்டு பேரும் 'சாப்புட்டீங்களா', 'சாப்புட்டியா' என்பதைத் தாண்டிப் பேசத் தெரியாமல் நிற்போம்.

வாராந்திர லீவு நாள் ஒன்றில் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு துடியலூர் பஸ் ஏறினேன். அந்த வாத்தியார் தகரக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் இன்னார் வீட்டுக்காரி என்றேன். வணக்கம்கூட வைக்கவில்லை.

"நீங்களும்தான் கும்புட்டீங்களாமா?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படுவார், நாமும் நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உக்காருங்க அம்மணி. ஆமாங்க, கும்புட்டேன்" என்றார். "அதனாலதான் எனக்கு அத்தனை கோவம். காலம் பூரா தீயணைக்கற வேலை பார்த்தவன் நானு. தீயக் கண்டதும் ஓடாமக் கையக் கூப்பீட்டு நிக்கறேன். அன்னைக்கு அந்த டேங்கர் பத்தியிருந்தா அத்தன பேரும் கூப்புன கையோடதான் போயிருப்போமுங்க."

"காலி வண்டிதானுங்களே?"

அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். "ஊட்டுல என்ன அடுப்புங்க?"

"பம்ப் ஸ்டவ்வுங்க."

"மண்ணெண்ணெய பம்ப் அடிச்ச ஒடனே, பர்னர் சூடாகாமப் பத்த வெச்சா நீல நெருப்பு எரியுமுங்களா?"

"எரியாதுங்க. பர்னர் காஞ்சு, எண்ணெய் ஆவியா வந்தாத்தான் எரியும்."

"உங்களுக்கே தெரியுது பாருங்க. எரியறது ஆவிதான். பெட்ரோலுக்குக் காயக்கூட வேண்டாமுங்க, சும்மா இருந்தாலே ஆவி. நெறஞ்ச டேங்க்குல ஆவி நிக்க எடம் கொஞ்சந்தான். காலி டேங்க்குல அடியிலிருந்து முடி வரைக்கும் அதுதான் நிக்கும். நெறஞ்ச வண்டியவிட காலி வண்டிக்குத்தான் நான் பயப்படுவேனுங்க."

ஷெட்டில் வரிசையாக நின்ற வண்டிகளும் ஒவ்வொரு காலையும் அவற்றின் முன்னால் எரிந்த சூடங்களும் நான் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் ஞாபகத்துக்கு வந்தன. "இத்தனை வருசமா ஒண்ணும் ஆகலீங்களே" என்றேன். "அடுத்த பேட்ச் வகுப்பு போடறப்ப அனுப்புங்க. நல்ல டிரைவருங்க அவரு. அன்னைக்குப் போனாப் போகுதுன்னு பாஸ் போட்டிருந்தா மறுநாளும் ஷெட்டுல ஏத்தியிருப்பாரு" என்றார். அந்த ஆளும் என் வீட்டுக்காரர் வீடு திரும்பவேண்டும் என்றுதான் அவரை வெளியே அனுப்பியிருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. விளங்கியும் அவர் மேல் கொஞ்சம் கோபம் மிச்சம் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். அவரை எப்படியாவது டேங்கரில் ஏற்றிவிடவேண்டும் என்று சண்டை போடப் போனவள், அவர் டேங்கர் பக்கமே போகவேண்டாம் என்கிற மனசோடு திரும்பினேன். அத்தனை வருடம் அந்தப் பெட்ரோல் வாடையை முகர்ந்து சந்தோஷப்பட்டவள் நான்தான்.

அவர் அடுத்த தடவை ஊருக்கு வந்தபோது வாத்தியார் சொன்னதை எல்லாம் அப்படியே சொன்னேன். ஆவியைப் பற்றி அவர் சந்தேகப்படவில்லை, வகுப்பிலும் அதைச் சொல்லியிருந்தார்கள், பரீட்சையில் எழுதியும் இருந்தார். எழுதியதற்கும் சூடத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பீடி வேறு, சாமி வேறு.

"அது சரி அம்மணி, சூடம் ஏத்தாம எப்புடி வண்டிய எடுக்கறது?" என்று கேட்டார். கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே பயந்திருந்தார். இத்தனை வருடம் ஒரு விபத்து இல்லாமல் அவரைத் திருப்பி அனுப்பியது அந்தச் சூடம்தான் என்பது அவருடைய நம்பிக்கை. நான் நெருப்புக்குப் பயந்தேன், அவர் நெருப்பு இல்லாமல் கிளம்பப் பயந்தார். இரண்டு பேருக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

ஆனாலும் அடுத்த வகுப்புக்குப் போனார். மறுபடி மூன்று நாள், மறுபடி அதே பாடம். கடைசி நாள் அதே மைதானத்தில் அதே டேங்கர். வண்டியைச் சுற்றிச் சோதித்து முடித்து, பம்பருக்கு முன்னால் வந்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனதாம். பையில் ஒன்றும் இல்லை, அவரே காலையில் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். வகுப்பு முழுவதும் மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியார் மணல் வாளிக்குப் பக்கத்திலேயே நின்றாராம். இவர் குனிந்து பம்பரை வெறுங்கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறி வண்டியை எடுத்துவிட்டார். இறங்கியபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது என்று கூடப் போனவர் சொன்னார்.

லைசென்ஸில் முத்திரை விழுந்த அன்று சாயங்காலம் பொழுதோடு வீட்டுக்கு வந்தார். முதலாளி டேங்கர் சாவியைக் கையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தார், மறுநாள் காலையில் பொள்ளாச்சி லோடு. வாயெல்லாம் பல்லாக லைசென்ஸை என் முன்னால் நீட்டினார். நான் வாங்கிப் பார்த்தேன். எத்தனை மாதமாகக் காத்திருந்தது. சந்தோஷமாக ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏனுங்க, பேசாம லைன் வண்டிக்கே போயிருங்களே" என்று வந்துவிட்டது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடத்தில் அவர் முன்னால் நான் அழுதது அன்றைக்குத்தான். காலி டேங்க்கில் ஆவி நிற்கிறதாம், எனக்குப் பயமாக இருக்கிறது, நீங்கள் மாதத்துக்கு ஒரு தடவை வந்தாலும் போதும், முழுசாக வந்தால் போதும் என்று என்னென்னவோ உளறினேன்.

அவர் கையைக் காலைக் கழுவிவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"லைன் வண்டில மட்டும் பயமில்லைன்னு நெனைச்சியா? பம்பாய் போற மலை ரோட்டுல எதுக்க வர்ற வண்டியப் பார்த்து எத்தன தடவ கண்ண மூடியிருக்கறேன் தெரியுமா? உங்கிட்டச் சொல்லல, அவ்வளவுதான். நீ இங்க ஒண்டியாப் பயந்துட்டுக் கெடந்தே, நானு அங்க ஒண்டியாப் பயந்துட்டுக் கெடந்தேன். இனிமேப்பட்டு சாயங்காலம் ஒரே ஊட்டுல உக்காந்து பயப்படலாம். எந்திரி, சோத்தப் போடு."

எழுந்து போய்ச் சோற்றைப் போட்டேன்.